வீட்டுக்கு அஸ்திவாரம், வேலைக்கு எழுத்து

(நமது அறக்கட்டளையின் சமுதாய நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



 

நமது கூட்டங்களில் வழக்கமாகக் கல்வி உதவி, மருத்துவ உதவி, குமர் காரியம் ஆகியவற்றைப் பேசுவோம். இன்று வீட்டுச் சுவரில் ஏறும் ஓதத்தையும், அஸ்திவார வேலைக்கு ஆள் அமர்த்துவதையும் பேசப் போகிறோம். இதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். ஒவ்வொரு வருடமும் கார்த்திகை மழை ஓய்ந்ததும் வீடு பழுதுபார்க்க உதவி கேட்டு நம்மிடம் மனுக்கள் வருகின்றன. அவற்றில் பல, ஏற்கெனவே ஒரு தடவை பணம் செலவழித்துப் பலன் கிடைக்காத வீடுகளுக்கானவை. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்தோம்.

பெயர் சொல்லாமல் ஒரு குடும்பத்தைச் சொல்கிறோம். கணவர் மவுத்தான பின் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிற ஒரு சகோதரி. மலைச் சரிவை வெட்டி இறக்கிக் கட்டிய வீடு. பின் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் முழுவதும் மண். மழைக்காலம் முழுக்கச் சுவர் வியர்த்தது போல நனைந்திருக்கும். சின்னப் பிள்ளைக்கு இழுப்பு. கீழ்நாட்டிலிருந்து வந்த ஒருவர், "உள்பக்கம் கெமிக்கல் அடித்தால் பத்து வருஷம் கேரண்டி" என்றார். அவர் வளையலை அடகு வைத்துப் பணம் கொடுத்தார். சித்திரையில் வேலை முடிந்தது. ஐப்பசி அடைமழையில் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பி, காரையோடு பெயர்ந்து விழுந்தது. வந்தவர் போனை எடுக்கவில்லை. சகோதரியின் கையில் மிஞ்சியது ஒரு விசிட்டிங் கார்டு. வளையலுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

வட்டியின் தீமையை மிம்பரில் கேட்கிறோம். மக்களை வட்டிக்கடைக்கு அனுப்பும் காரணங்களையும் நாம் அடைக்க வேண்டும். நம் தாண்டிக்குடியில் அந்தக் காரணங்களில் ஒன்று, யோசிக்காமல் ஒப்படைத்த வீட்டு வேலை.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். நம் கொத்தனார்கள் 'பேஸ்மட்டம்' என்று சொல்வது அஸ்திவாரத்துக்கு மேல், தரைமட்டம் வரை எழுப்பும் கட்டை. வாட்டர் புரூஃபிங் செய்ய வருகிறவர்கள் 'பேஸ்மெண்ட்' என்று சொல்வது மண்ணுக்குள் இறங்கிய அறை. மலையில் நமக்கு இரண்டும் உண்டு. முன்பக்கம் பார்த்தால் சாதாரண வீடு. பின்பக்கம் எட்டு அடி, பத்து அடி மண்ணுக்குள் இருக்கும். ரேட் பேசும்போது எந்தச் சுவர், எந்த அறை என்று விரல் வைத்துக் காட்டிப் பேசுங்கள். ஒரே சொல்லை இரண்டு பேர் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டு பிறகு சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறோம்.

அடுத்தது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எந்த வேலையும் ஆரம்பிக்காதீர்கள். ஈரம் வர ஐந்து வழிகள் உண்டு. மலை மேலிருந்து மண்ணுக்குள் ஊறி வரும் தண்ணீர். தரையிலிருந்து செங்கல் வழியே மேலே ஏறும் ஓதம். கூரைத் தண்ணீர் சுவர் ஓரத்திலேயே விழுவது. குளியலறைக் குழாய், கழிவுநீர்த் தொட்டி கசிவது. கடைசியாக, குளிரில் அறைக் காற்றின் ஈரமே சுவரில் படிவது.

இதைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே சோதனை செய்யலாம். ஓர் அடி சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம், அதாவது அறைப் பக்கம், நனைந்தால் அது காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைப்பதே பாதி மருந்து. தாளுக்கும் சுவருக்கும் இடையில் நனைந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெயில் காலத்திலும் ஒரே இடம் நனைந்திருந்தால் குழாயைச் சந்தேகப்படுங்கள்: இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வைத்துக் காலையில் பாருங்கள். மழை பெய்து ஒரு நாள், இரண்டு நாள் கழித்து ஈரம் கூடினால் அது மலைத் தண்ணீர். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு மட்டும் உப்புப் பூத்திருந்தால் அது ஓதம். இந்தக் குறிப்புகளைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வருகிற மேஸ்திரிக்கும் அது உதவும். உங்களை ஏமாற்றுவதும் கடினமாகும்.

மலைத் தண்ணீர் என்றால் விஷயம் ஈரத்தோடு நிற்பதில்லை. மண்ணைத் தாங்கி நிற்கும் பத்தடிச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் முழு உயரத்துக்குத் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு அடி நீளத்தையும் அந்தத் தண்ணீர் மட்டும் சுமார் 1,400 கிலோ விசையோடு தள்ளும். மண்ணின் பாரம் அதற்கு மேல். உள்பக்கம் அடித்த பூச்சை அந்தத் தண்ணீர் பின்னாலிருந்து தள்ளுகிறது. நமது சகோதரியின் வீட்டில் பூச்சு கழன்று விழுந்த காரணம் இதுதான். பூச்சையே குறை சொல்லிப் பயனில்லை. தண்ணீருக்கு வெளியே போக வழி விடாமல் அடித்ததுதான் தவறு.

பூச்சு விழுந்தால் பணம் போகும். சுவரே விழுந்தால் உயிர் போகும். 2019 டிசம்பர் 2 அன்று, மேட்டுப்பாளையம் அருகே நடூரில், கனமழையில் விடியுமுன் ஏறத்தாழ 20 அடி உயரச் சுவர் சரிந்து கீழே இருந்த வீடுகளின் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் சுவரைக் கட்டியவர்கள் அல்லர். சுவருக்குக் கீழே குடியிருந்த ஏழைகள். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2018 நவம்பரில் கஜா புயலின்போது நம் கொடைக்கானல் மலையிலேயே மரங்களும் மண்ணும் விழுந்து சாலைகள் அடைபட்டதை எல்லோரும் பார்த்தோம்.

ஆகவே சரிவில் இருக்கிற வீட்டின் தடுப்புச் சுவர் நம் சொந்த விஷயம் மட்டும் அல்ல. மேலே இருப்பவரின் மண் நம் வெட்டை நம்பி நிற்கிறது. கீழே இருப்பவரின் கூரை நம் சுவரை நம்பி இருக்கிறது. அண்டை வீட்டாரின் உரிமையை நம் மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நம் வீட்டு வடிகாலைத் திருப்பிக் கீழ்வீட்டுச் சுவரில் கொண்டுபோய் விடுவதும் அந்த உரிமையை மீறுவதுதான்.

இனி அஸ்திவாரம். சரிவில் மனை சமப்படுத்தும்போது மேல்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்பக்கம் கொட்டி நிரவுகிறோம். வீட்டின் பாதி வெட்டிய கெட்டித் தரையிலும், மீதி கொட்டிய மண்ணிலும் நிற்கிறது. கொட்டிய மண் வருடக்கணக்கில் அமுங்கும். வெட்டிய தரை அசையாது. அதனால் வீட்டின் நடுவில், பெரும்பாலும் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, வெடிப்பு விடுகிறது. அஸ்திவாரம் எல்லா இடத்திலும் கொட்டிய மண்ணைத் தாண்டி, கெட்டித் தரையிலோ பாறையிலோ உட்கார வேண்டும். சரிவு இருந்தால் படிப்படியாக இறங்க வேண்டும். இந்த மலையில் பண்டைக்கால மக்கள் எழுப்பிய கல்திட்டைகளில் பல, பாறைத் தளத்தின் மேலேயே நிற்பதை நாம் பார்க்கிறோம்.

பெரிய கம்பெனி, பெரிய கட்டடம் என்றால் இந்தத் தவறு நடக்காது என்றும் நினைக்க வேண்டாம். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். மண்ணின் பலவீனமும் கட்டமைப்பு வடிவமைப்பின் குறைகளும் விசாரணையில் வெளிவந்தன. மண்ணைப் பரிசோதிக்க ஆகும் செலவு, மொத்தச் செலவில் மிகச் சிறியது.

வீட்டில் வெடிப்பு இருந்தால், முதலில் அது இன்னும் நகர்கிறதா என்று பாருங்கள். வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டுங்கள். சில மாதங்களில் கண்ணாடி உடைந்தால், அல்லது வெடிப்பு கோட்டைத் தாண்டினால், கட்டடம் நகர்கிறது. அப்போது பூச்சு வேலைக்காரரை அழைக்காதீர்கள். பதிவு பெற்ற பொறியாளரை அழையுங்கள்.

இங்கே ஒரு முக்கியமான ஆலோசனை. நோயைச் சொல்பவரும் மருந்து விற்பவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். கெமிக்கல் விற்பவரிடம் கேட்டால் கெமிக்கல்தான் தீர்வாக இருக்கும். வேலையை எடுக்காத ஒரு பொறியாளருக்குத் தனியாகக் கட்டணம் கொடுத்து, என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். தடுப்புச் சுவர், அஸ்திவாரம், நகரும் வெடிப்பு ஆகிய மூன்றுக்கும் இது கட்டாயம்.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் கூரைத் தண்ணீரைக் குழாயில் பிடித்து வீட்டை விட்டுத் தள்ளி விட வேண்டும். இரண்டாவது, வீட்டுக்கு மேல்பக்கம் குறுக்கு வடிகால் வெட்டி, சரிவில் ஓடி வரும் தண்ணீரைச் சுவருக்கு வருமுன் திருப்ப வேண்டும். மூன்றாவது, சுவருக்கு வெளியே தோண்டி, அடியில் துளைக் குழாய் வைத்து, கல்லும் ஜல்லியும் நிரப்பி, மண் வந்து அடைக்காமல் வடிகட்டித் துணி போட வேண்டும். சுவரின் வெளிப்பக்கம்தான் நீர்த்தடுப்புப் பூச்சுக்கு உரிய இடம். தனியாக நிற்கும் தடுப்புச் சுவரில் மூன்று நாலு அடிக்கு ஒன்றாக, வெளிப்பக்கம் சாய்வாக, மூன்று அங்குலம் நாலு அங்குலக் குழாய் வைத்துத் தண்ணீர்க் கண் விட வேண்டும். உள்பக்கப் பூச்சு கடைசி. முதல் இரண்டு வேலைகளுக்கு ஆகும் செலவு குறைவு. பல வீடுகளில் ஈரத்தின் பெரும்பகுதி அவற்றிலேயே குறைந்துவிடும். யாராவது வந்து உள்பக்கப் பூச்சிலிருந்தே பேச்சை ஆரம்பித்தால் யோசியுங்கள்.

சுவரை ஒட்டித் தோண்டும்போது நீளம் முழுவதையும் ஒரே மூச்சில் திறந்து போடக்கூடாது. பகுதி பகுதியாகத் தோண்டி மூட வேண்டும். மழைக்காலத்தில் தோண்டவே கூடாது. தை முதல் பங்குனி வரை இந்த வேலைக்கு ஏற்ற காலம். காப்பிப் பூ மழைக்கு முன் மண் வேலையை முடித்துக் கொள்ளுங்கள். மலைப்பகுதியில் மண் அள்ளும் இயந்திரம் ஓட்டவும் பாறை உடைக்கவும் அரசு அனுமதி வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் விசாரிக்காமல் இயந்திரத்தை வரச் சொல்லாதீர்கள்.

இப்போது ஆள் தேர்வுக்கு வருவோம். நேற்று முடித்த வேலையைக் காட்டுபவரிடம், இரண்டு மூன்று மழைக்காலம் கண்ட வேலையைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்குப் போய், வீட்டுக்காரரிடம், முடிந்தால் வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். சுவரின் உண்மை நிலை அவர்களுக்குத்தான் தெரியும். பொறியாளர் எழுதிய அதே வேலைப் பட்டியலை மூன்று பேரிடம் கொடுத்து மூன்று மதிப்பீடு வாங்குங்கள். "சதுர அடிக்கு இவ்வளவு" என்ற ஒற்றை ரேட்டை ஏற்காதீர்கள். அந்த ரேட்டில் தோண்டுவது அடங்குமா, மண்ணை அப்புறப்படுத்துவது அடங்குமா, குறுக்கே பாறை வந்தால் யார் செலவு, எம்-சாண்டும் ஜல்லியும் வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வரும் வண்டி வாடகை யாருடையது, ரோட்டிலிருந்து வீடு வரை சுமை கூலி யார் தருவது? நம் ஊரில் பாதிச் சண்டை இந்தச் சுமை கூலியில்தான் தொடங்குகிறது. மிகக் குறைந்த ரேட் சொல்பவரிடம், எதை விட்டுவிட்டு இந்த ரேட் வந்தது என்று கேளுங்கள்.

வேலை நடக்கும்போது நீங்களே பார்க்கக்கூடியவை சில. 50 கிலோ சிமெண்ட் மூட்டையில் தயாரித்த தேதி பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்டது வேண்டாம். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவை என்றால், மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. கஞ்சி போல் இளக்கினால் கலக்க எளிது, கான்கிரீட் ஓட்டையாகும். நீராற்றுவது சாதாரண சிமெண்டுக்கு 7 நாள், இப்போது கடைகளில் அதிகம் கிடைக்கும் பி.பி.சி. சிமெண்டுக்கு 10 நாளாவது வேண்டும். மண் போட்டு மூடும் எந்த வேலையையும், குழாய், ஜல்லி, வெளிப்பூச்சு எதுவானாலும், மூடுமுன் போனில் படம் எடுங்கள். மூடிய பிறகு சாட்சி கிடையாது.

பேசியது எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு இதில் ஒரு கூச்சம். மேஸ்திரி சிரித்துக்கொண்டே, "பாய், நமக்குள்ள எழுத்து எதுக்கு?" என்பார். நாமும் சிரித்துக்கொண்டே முன்பணத்தைக் கொடுத்துவிடுவோம். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், எதைப் பற்றியது? தவணை குறித்த கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. தொகை சிறியதானாலும் பெரியதானாலும் எழுதச் சலிப்படையக் கூடாது என்பதும் அதில் அடங்கும். ஆகவே எழுதக் கேட்பது அவநம்பிக்கை ஆகாது. செய்து தரச் சொல்லிப் பேசும் ஒப்பந்தத்தை ஹனஃபி ஃபிக்ஹில் 'இஸ்திஸ்னா' என்பார்கள். செய்யப்படும் பொருளின் தன்மை தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 'நல்லா செஞ்சு தர்றேன்' என்பது தெளிவு ஆகாது.

என்னென்ன எழுத வேண்டும்? இரு தரப்பின் பெயர், முகவரி. எந்தச் சுவர், எத்தனை அடி நீளம், எத்தனை அடி ஆழம். எந்தப் பொருள், எத்தனை கோட்டிங். ஆரம்பிக்கும் நாள், முடிக்கும் நாள். பாறை வந்தால், கூடுதல் வேலை வந்தால் என்ன ரேட். அனுமதி வாங்குவது யார் பொறுப்பு. தோண்டும்போது பக்கத்து வீட்டுக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு. கேரண்டி என்றால் எத்தனை வருடம், எந்தப் பகுதிக்கு, கசிந்தால் எத்தனை நாளுக்குள் வந்து பார்ப்பார், அப்போது பொருளும் கூலியும் யாருடையது. பொருள் கம்பெனியின் கேரண்டி டப்பாவுக்கு மட்டும் இருக்கும். செய்த வேலைக்குக் கேரண்டி மேஸ்திரி தர வேண்டும். இரண்டையும் கேளுங்கள். இரண்டு சாட்சி கையெழுத்து. ஆளுக்கு ஒரு பிரதி.

பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். இரண்டு லட்ச ரூபாய் வேலை என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 20,000. தோண்டி, வடிகால் குழாய் வைத்து, நீங்கள் பார்த்த பிறகு 50,000. சுவர் வேலை, வெளிப்பூச்சு முடிந்ததும் 60,000. மண் மூடி, உள்வேலை முடிந்ததும் 50,000. மீதி 20,000 ரூபாயை ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் பார்த்த பிறகு கொடுக்க வேண்டும். கடைசித் தவணையை ஆரம்பத்திலேயே எழுதிவிட்டால் நல்ல மேஸ்திரி மறுக்க மாட்டார். மழை தாங்கியதும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் அதைக் கொடுத்துவிட வேண்டும். நாம் பிடித்து வைத்திருப்பது அவருடைய அமானிதம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிடித்து வைக்கும் தொகை மேஸ்திரியின் லாபத்திலிருந்து வர வேண்டும். கொத்தனார், சித்தாள் கூலியிலிருந்து வரக்கூடாது. உழைப்பாளியின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்க வேண்டும் என்ற நபிவழி அறிந்த சமுதாயம் நாம். வாராவாரம் கூலி போய்ச் சேருகிறதா என்று நேரில் கேளுங்கள். தொழிலாளர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பத்தடிப் பள்ளத்தில் இறங்குகிறவர் யாரோ ஒரு வீட்டின் தந்தை. பக்கவாட்டில் முட்டுக் கொடுக்காமல் அவரை இறக்க விடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாற்றப்பட்டால் என்ன வழி? ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016, கட்டி விற்பவரிடம் வாங்கிய வீட்டின் கட்டமைப்புக் குறைக்கு ஐந்து வருடப் பாதுகாப்புத் தருகிறது. சொந்த மனையில் மேஸ்திரி வைத்துக் கட்டும் நமக்கு அது பொருந்தாது. ஆனால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வீடு கட்டும் பணியையும் சேவை என்றே சொல்கிறது. திண்டுக்கல்லில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ஆலோசனைக்கு 1915 என்ற எண் இருக்கிறது. அங்கே முதலில் கேட்பது ஒப்பந்தம், ரசீது, படம். அடகு வைத்த அந்தச் சகோதரியிடம் இவற்றில் ஒன்றும் இல்லை. புகார் எழுத உட்கார்ந்தபோது, வேலை எடுத்தவரின் முழுப் பெயர்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே நமது அறக்கட்டளை சில முடிவுகளை எடுத்திருக்கிறது. ஒப்பந்த மாதிரிப் படிவம் அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு இஷாவுக்குப் பின் நாங்களே உட்கார்ந்து எழுதித் தருவோம், சாட்சிக் கையெழுத்தும் போடுவோம். அறக்கட்டளை உதவியில் நடக்கும் வீட்டு வேலைகளுக்குப் பொறியாளர் கட்டணத்தை அறக்கட்டளையே ஏற்கும். உதவித் தொகையின் கடைசிப் பங்கு மழைக்குப் பிறகே வழங்கப்படும். கைம்பெண்கள், முதியவர்கள் வீட்டில் வேலை நடந்தால், நம் இளைஞர்களில் இருவர் மூடுமுன் படம் எடுக்கவும் மூட்டை எண்ணவும் போய் நிற்பார்கள். அந்தச் சகோதரியின் வீட்டு மேல்பக்கம் குறுக்கு வடிகால் வெட்டும் வேலை, இன்ஷா அல்லாஹ், தை மாதம் தொடங்கும். மண்வெட்டி பிடிக்கத் தயாராக இருப்பவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

இந்த வாரமே ஒவ்வொருவரும் வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்து பாருங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, தடுப்புச் சுவரின் தண்ணீர்க் கண்கள் அடைந்திருக்கின்றனவா, சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா என்று கவனியுங்கள். வயிறு தள்ளிய சுவருக்குக் கீழே யாராவது குடியிருந்தால் இன்றே எங்களிடம் சொல்லுங்கள். மழைக்கு முன் ஒரு பொறியாளரை அழைத்து வந்து காட்டுவோம்.

அல்லாஹ் நம் வீடுகளையும் நம் அண்டை வீட்டாரையும் பாதுகாப்பானாக. நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்து, வட்டியின் வாசலிலிருந்து நம் குடும்பங்களைத் தூரமாக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.